திருகாணி ஏற்றிய வேகம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குத் திருகாணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஐம்பத்து நான்கு வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற ஆள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மூன்று அளவில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்.

வேலையில் அவர் கை இம்மியும் பிசகாது. ஒரு மருத்துவமனையும் பதினோரு கட்டடங்களும் அவர் பொறுப்பு. லிஃப்ட் என்பது மனிதர்கள் உயிரை நம்பி ஏறுகிற பெட்டி. தகட்டில் என்ன வேகம் பொறித்திருக்கிறதோ அதுதான் வேகம். எந்த நட்டைத் தொடுவதானாலும் முதலில் நோட்டில் பழைய அளவை எழுதுவார், பிறகுதான் தொடுவார், உடனே புதிய அளவையும் எழுதுவார். ஆய்வுக்கு வருகிற அதிகாரி அந்த நோட்டைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படி எட்டு மணி நேரம் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? கட்டு அவிழ்ந்துவிடும்.

மிக்ஸியின் வேகத்தை ஏற்றியதில் மூடி பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது. மேசை விசிறியை ஏற்றியதில் எதிரே இருந்த காலண்டரின் தாள்கள் மூன்று மாதத்தை ஒரே நாளில் கடந்தன. துணி துவைக்கும் இயந்திரம் ஒரு நாள் தானாகவே நகர்ந்து நகர்ந்து குளியலறையை விட்டு வெளியே வந்து நின்றது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எந்தச் சாமானைப் பார்த்தாலும், செய்தவன் பயந்துகொண்டு பாதி பலத்தை உள்ளே பூட்டி வைத்துவிட்டான் என்று அவருக்குத் தோன்றும். அந்தப் பூட்டைத் திறந்துவிடுவதை ஒரு தர்ம காரியம் என்றே நினைத்தார்.

இதையெல்லாம் இருபத்தொன்பது வருடமாகத் தாங்கியவர் அவர் மனைவி. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அம்மா. பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். விசைகளைப் பார்க்க மாட்டார். எதிரே நிற்கிறவரோடு பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவார். அந்த அலுவலகத்தை மூடிய பிறகு, ஐம்பது வயதில், நூலகத்தில் இலவசமாக நடந்த கணினி வகுப்புக்குப் போய் அறைகளை முப்பரிமாணத்தில் வரையக் கற்றுக்கொண்டார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது ஒரு லேப்டாப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாள். விளையாட்டுக்கென்று வாங்கியது, செங்கல் கனம், உள்ளே நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. அதைத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்த அன்றே டைப்பிஸ்ட் அம்மா சொல்லிவிட்டார்.

"இதை மட்டும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடப் போறேன்?"

"மிக்ஸிக்கும் இதையேதான் சொன்னீங்க."

ஒன்பது மாதம் அவர் தொடவில்லை. அவரை அறிந்தவர்கள் அதைத் தவம் என்றுதான் சொல்வார்கள்.

தவம் கலைந்ததற்குக் காரணம் நூலகம். அது பழைய கிடங்கு ஒன்றுக்கு இடம் மாறுவதாக இருந்தது. அங்கே மாடியில் வாசிப்பு அறையை எப்படி அமைக்கலாம் என்று காட்டச் சொல்லி மூன்று பேரைக் கேட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஆள் அம்பு வைத்து அலுவலகம் நடத்துகிறவர்கள். மூன்றாவது ஆள் டைப்பிஸ்ட் அம்மா. கதவைத் திறந்து உள்ளே போய் அறை முழுவதும் நடந்து பார்ப்பது போல இரண்டு நிமிடத்துக்குப் படம் செய்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காட்ட வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்கு வாய்ப்பில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. ஒருவர் கேட்டு அந்த அம்மா வரைந்தது அதுதான் முதல் தடவை. கடிதத்தை அவர் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

வரைந்துவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. எந்த ஜன்னலிலிருந்து எவ்வளவு வெளிச்சம், எந்த நாற்காலிக்கு எங்கே நிழல் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு காட்சியாகத் தீட்ட வேண்டும். அது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. இரண்டு நிமிடப் படத்தைத் தீட்ட இருபத்திரண்டு மணி நேரம் பிடிக்கும். சிறு சிறு துண்டாகத் தீட்டிப் பார்த்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்தபடி அம்மா மேசை முன்னால் உட்கார்ந்திருப்பதைத் திருகாணி வாரக்கணக்கில் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார். "ஒரு மணி நேரம்" என்று பதில் வரும். மறுநாளும் கேட்பார். மனைவி காத்துக் கிடக்க, அந்தக் கார்டு கம்பெனிக்காரன் போட்ட பூட்டுக்குள் சொகுசாக ஓடிக்கொண்டிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

கார்டுக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. இந்த வேகத்துக்கு மேல் ஓடாதே, இந்தச் சூட்டைத் தாண்டாதே என்ற சட்டமெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். அதற்குப் பெயர் பயாஸ். அந்தச் சட்டத்தை வெளியே எடுத்து, எண்களைத் திருத்தி, பழையதை அழித்துப் புதியதை சிப்பில் எழுதுவதை ஃபிளாஷ் அடிப்பது என்பார்கள். திருகாணி மதிய இடைவேளைகளில் லிஃப்டின் இயந்திர அறையில் உட்கார்ந்து, இதைச் செய்து பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் செல்போனில் ஒரு வரி விடாமல் படித்து வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை சாப்பிட்ட கையோடு டைப்பிஸ்ட் அம்மா கிடங்கின் ஜன்னல்களைக் கடைசியாக ஒரு தடவை அளக்கப் போனார். மாலை வந்து, இரவு தொடங்கி, ஞாயிறு முழுக்கப் படத்தைத் தீட்டவிடுவதாகத் திட்டம். படி இறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் திருகாணி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் பழைய பயாஸைப் பிரதி எடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு பத்து சதவீதம் ஏற்றி ஃபிளாஷ் அடித்தார். ஓடியது. இருபது சதவீதம் ஏற்றினார். ஒரு மணி நேரம் சோதனைப் படம் ஒன்றைத் தீட்டவிட்டார், அதுவும் ஜம்மென்று ஓடியது. இருபத்திரண்டு மணி நேரம் பதினெட்டாகக் குறையும். புத்தியுள்ள எவனும் அங்கே எழுந்து கை கழுவியிருப்பான். மனிதருக்கு அதற்குள் ருசி கண்டுவிட்டது. மூன்றாவது தடவை கார்டின் நினைவகத்துக்கும் சேர்த்து வேகத்தை ஏற்றினார்.

திரை இருண்டது. அணைத்துப் போட்டார். விசிறி ஓடியது, விசைப்பலகையில் விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் இல்லை. நான்கு தடவை போட்டுப் பார்த்தார். பரவாயில்லை, பழைய பிரதி இருக்கிறதே என்று நிமிர்ந்தவருக்கு, அதை எங்கே வைத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதே லேப்டாப்புக்குள் வைத்திருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே விட்டுவிட்டு வந்தவர் போல அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் ஒரு நட்டைத் திருப்புவதற்கு நோட்டைத் தேடுகிற மனிதர், அதில் நூற்றில் ஒரு பங்கு கவனத்தைக் கட்டிய மனைவியின் சாமானுக்குக் காட்டவில்லை. அந்த நினைப்பு அவரை வெட்கப்பட வைத்தது.

ஐந்து மணிக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். லேப்டாப் மூடி இருந்ததையும், பக்கத்தில் கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார்.

"தொட்டீங்களா?"

"தொட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். பூசி மெழுகவில்லை. அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"படம் போயிடுச்சா?"

"நீ வரைஞ்சது உள்ளே பத்திரமா இருக்கு. திரைதான் வரல. வேற எந்த கம்ப்யூட்டர்லயும் அதைத் தீட்டவும் முடியாது. நம்ம கண்ணுக்கெட்டின தூரத்துல இந்த மாதிரி கார்டு கிடையாது."

"திங்கட்கிழமை பத்து மணி," என்றார் அம்மா. அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிக்ஸி மூடி பறந்த அன்று அரை மணி நேரம் திட்டியவர் அவர். இன்றைக்கும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் திருகாணிக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

ஞாயிறு விடிந்ததும் அவர் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் என்கிற தகவல் வட்டை உருவிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் புகார் எடுப்பதற்கு ஓர் அம்மையார் இருப்பார். அவர் முன்னால் இருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரில் வட்டை மாட்ட வேண்டும்.

"நாலாவது மாடியில யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்தா என்ன செய்ய?" என்று அம்மையார் கேட்டார்.

"நான்தானே போய் எடுக்கணும். நானே இங்க மாட்டிக்கிட்டு நிக்கிறேன், கொஞ்சம் தள்ளிக்கங்க."

வட்டுக்குள் பழைய பயாஸ் இருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். இப்போது மிச்சம் ஒரே ஒரு சங்கடம். லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, இரண்டு வரிக் கட்டளையை அடித்தால் பழைய பயாஸ் ஏறிவிடும். ஆனால் அடிக்கிறது எதுவும் திரையில் தெரியாது. ஓர் எழுத்து தவறினாலும் தெரியாது. இருட்டில் அடித்தாக வேண்டும்.

திருகாணி இரண்டு விரலால் டைப் அடிக்கிறவர். ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைக் குத்தி, திரையில் விழுந்ததா என்று நிமிர்ந்து பார்த்து, பிறகு அடுத்த எழுத்தைத் தேடப் போவார். வீட்டுக்கு வந்து வட்டை மாட்டி மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பாதியில் எங்கே இருக்கிறோம் என்று குழம்பி, வியர்த்துப்போய் அணைத்தார். நான்காவது தடவைக்கு விரலை நீட்டியபோது பின்னால் குரல் கேட்டது.

"நகருங்க."

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் மாலைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்ன அடிக்கணும்?"

"முதல்ல 'என்' எழுத்தைப் போடு. அப்புறம் 'வி'. அப்புறம்..."

"ஒவ்வொரு எழுத்தா சொல்லாதீங்க, எனக்குக் கை வராது. பேப்பர்ல முழுசா எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தத் தாளைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து இடப்பக்கம் வைத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. விரல்கள் விசைமேல் வந்து அமர்ந்தன. திரையையும் பார்க்கவில்லை, விசையையும் பார்க்கவில்லை, தாளை மட்டும் பார்த்தார். மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம், ஐந்து நொடிகூட இருக்காது.

"ஆச்சு."

"தப்பு கிப்பு?"

"தப்பு அடிச்சா என் விரலுக்குத் தெரியும்."

பென் டிரைவின் நுனியில் இருந்த சின்ன விளக்கு இமைக்க ஆரம்பித்தது. கட்டளையை லேப்டாப் படிக்கிறது என்று அர்த்தம். சம்மதமா என்று அது கேட்கும், எப்போது கேட்கிறது என்று தெரியாது. அம்மா பத்து எண்ணிவிட்டு, ஆம் என்பதற்கான 'ஒய்' விசையை ஒரு தடவை அழுத்தினார். விளக்கு வேகமாக இமைத்தது, நின்றது. திருகாணி கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக மூன்று நிமிடம் காத்தார். அவர் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

மகள் வைத்துவிட்டுப் போயிருந்த பூனைப் படம் திரையில் வந்தது. அந்தப் பூனையை அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

மணி ஒன்றரை. அம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். இருபத்திரண்டு மணி நேரம் என்றால் திங்கட்கிழமை பதினொன்றரை. நூலகத்தில் எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

"பாதி வரைக்கும் தீட்டினதைக் காட்டிக்கலாம்மா," என்றார் திருகாணி.

"பாதி ரூம்ல யார் வந்து உட்காருவா?" அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது தடவை ஏத்தினீங்களே, அது ஓடிச்சா?"

"ஓடிச்சு. ஒரு மணி நேரம் ஓடிச்சு. சூடு எண்பதைத் தாண்டல."

"அப்ப அதை ஏத்துங்க."

இருபத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் எந்தச் சாமானையும் ஏற்றச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர், பயந்தார். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்க, மேலே இயந்திர அறையில் நிற்கும்போதுதான் அந்தப் பயம் அவருக்கு வரும்.

"வேண்டாம்மா. மறுபடியும் போச்சுன்னா..."

"போனா நான் மறுபடியும் அடிக்கிறேன். ஆனா வீட்டு வேலை மாதிரி செய்யாதீங்க. லிஃப்ட்ல எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்யுங்க. போங்க, நோட்டு எடுத்துட்டு வாங்க."

நோட்டு வந்தது. பழைய அளவுகளை எழுதினார். பழைய பயாஸ் பென் டிரைவில் இருப்பதை இரண்டு தடவை சரிபார்த்தார். லேப்டாப்பின் அடியைத் திறந்து விசிறியில் அடைந்திருந்த பஞ்சை எடுத்தார், அதுவே ஒரு கைப்பிடி இருந்தது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்து, பக்கத்தில் மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். நினைவகத்தைத் தொடவில்லை. இருபது சதவீதம் மட்டும். ஃபிளாஷ் அடித்தது டைப்பிஸ்ட் அம்மாதான். இந்தத் தடவை எழுத்துகள் திரையில் தெரிந்தன, அவர் அப்போதும் பார்க்கவில்லை. இரண்டு மணிக்குப் படம் தீட்ட ஆரம்பித்தது.

ஒவ்வொரு அரை மணிக்கும் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதினார். எழுபத்து நாலு. எழுபத்தாறு. எழுபத்தாறு. மாலையில் அம்மா எட்டிப் பார்த்தார்.

"எழுபத்தாறுதானே இருக்கு. இன்னும் ஏத்தலாமா?"

"பேசாம போய் உட்காரும்மா," என்றார் திருகாணி. வாழ்நாளில் அந்தப் பக்கத்திலிருந்து அவர் பேசியதில்லை. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது, அம்மாவும் சிரித்தார். முறை வைத்துத் தூங்கினார்கள். காலை எட்டு இருபதுக்குப் படம் முடிந்தது.

நூலகத்தில் அவரையும் உள்ளே விட்டார்கள். லேப்டாப்பைத் தூக்கி வந்தவர் என்ற முறையில் அதன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி கிடைத்தது. விளக்கை அணைத்தார்கள். சுவரில் படம் ஓடிய இரண்டு நிமிடமும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தலையைச் சாய்த்து விசிறிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு இடத்திலும் திக்கவில்லை. விளக்கைப் போட்டதும்தான் மூச்சு விட்டார். மற்ற இருவரின் படங்களும் ஓடி முடிந்தன. அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு நூலகர் வந்து, ஜன்னலோர அலமாரியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார், மற்றபடி டைப்பிஸ்ட் அம்மா வரைந்த அறையைத்தான் கட்டப் போகிறோம் என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து கல் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அம்மா கேட்டார்.

"படம் எப்படி இருந்தது?"

திருகாணி செருப்பைப் பார்த்தார். "நான் பார்க்கலம்மா. விசிறியைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

அம்மா பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மறைத்து, படத்தை முதலிலிருந்து போட்டார்.

கதவு திறந்தது. தாழ்வான அலமாரிகள், ஜன்னல் வெளிச்சம், மேசைகள். பார்வை மெதுவாக நடந்து போய் ஒரு மூலையில் திரும்பியது. அங்கே ஒரு லிஃப்ட் இருந்தது. பொத்தான் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. உள்ளே மூன்று பக்கமும் கைப்பிடி. வாசலுக்குப் பக்கத்தில், நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு பெஞ்சு. தரையும் லிஃப்டின் விளிம்பும் ஒரே மட்டம். கதவு திறந்தது, திறந்தே இருந்தது. ஊன்றுகோலோடு ஒரு கிழவர் அவசரமில்லாமல் வெளியே வந்த பிறகுதான் மூடியது.

"அந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கு?" என்று திருகாணி கேட்டார்.

"ஒன்பது செகண்டு. அஞ்சு செகண்டுல மூடுற மாதிரி வச்சுட்டு வயசானவங்களை நசுக்குறானுங்கன்னு நீங்கதானே தினமும் சாப்பிடும்போது சத்தம் போடுவீங்க."

தினமும் சாப்பிடும்போது அவர் சத்தம் போட்டது எல்லாமே அந்த மூலையில் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, உம் கொட்டிக்கொண்டு, அந்த அம்மா அத்தனையையும் காதில் வாங்கியிருக்கிறார். அவரோ இத்தனை வாரமும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும்தான் கேட்டார். என்ன வரைகிறாய் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்கவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார், அப்படியும் திரை சரியாகத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடு. மெதுவா போடு," என்றார்.

அம்மா மறுபடி போட்டார். அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போனது.